விரலில் விழுந்த குதிரை

பெப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாவது ரிவோல்வரும் வந்து சேர்ந்தது. இனி நான் முழுக் கௌபோய். இடுப்பில் இரண்டு கைத்துவக்கு, ஒரு லீவர் றைஃபிள், ஒரு இரட்டைக்குழல். எல்லாமே மாடு மேய்த்தவர்கள் காலத்து அமெரிக்க மாதிரிகள். செய்தது மட்டும் இத்தாலியில். கராஜில் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து இறுக்கியாயிற்று, பொலிஸ்காரர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயும்விட்டார்.

மெல்பேர்ணுக்கு வடக்கே, கைவிட்ட கல்லுக்குழி ஒன்றுக்குள் எங்கள் கிளப். தொப்பி, பூட்ஸ், தோல் இடைவார் எல்லாம் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். இரும்புத் தகடுகளை நிறுத்திவைத்து, மணிக்கூட்டுக்கு எதிராகச் சுடுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக் கிரேக்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டவன். அங்கே அவன் 'டஸ்டி பீட்'. நான் என் ஊர்ப் பேரில் 'கொக்குவில் கிட்'. அவர்கள் வாய்க்குள் அது 'கொக்கோ கிட்' ஆகிவிட்டது. பரவாயில்லை.

ஜினி கராஜ் வாசலில் நின்று பார்த்தாள். கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் அவள் என் விருப்பம் எதற்கும் குறுக்கே நின்றதில்லை.

"கௌபோய் எண்டுறியள், குதிரை எங்கை?" என்று கேட்டாள்.

துவக்கின் பின்பக்கம், பெருவிரலால் இழுத்து நிறுத்தும் துண்டைக் காட்டினேன். விசையை அழுத்தினால் விழுந்து தோட்டாவை அடிப்பது அதுதான். "இதுக்கும் பேர் குதிரைதான்."

"தெரியும்," என்றாள். உலையில் அரிசி கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பெப்ரவரி 14, புதன்

வெறும் துவக்கோடு கராஜில் பழகினேன். இழு, அழுத்து, இழு, அழுத்து. கராஜுக்கும் குசினிக்கும் நடுவே மெல்லிய சுவர்தான். நான் விசையை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்று, பிறகு திரும்பத் தொடங்கியது. குழாயில் ஏதோ பிழை. பிளம்பருக்குச் சொல்லவேண்டும்.

பெப்ரவரி 25, ஞாயிறு

நல்ல நாள். ஒரு தகடும் தவறவில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பான டெப் முதுகில் தட்டினாள். டெப்புக்கு ஐம்பதுக்கு மேல் வயது, பால்பண்ணை நடத்துகிறாள், குரல் மாடுகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். துவக்கு விசயத்தில் அவள் ஆருக்கும் முகம் பார்க்கமாட்டாள்.

ஜினியையும் கூட்டிக்கொண்டு போனேன். "நீரும் வாருமன், நல்ல காத்து" என்று சொல்லித்தான். வந்தாள், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, சீற்றைப் பின்னுக்குச் சரித்து, யன்னல் மட்டத்துக்குக் கீழே படுத்திருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். கண் திறந்திருந்தது.

"கடைசியாச் சுட்டவருக்கு ஒரு வெடி குறையுது," என்றாள். "பாக்கச் சொல்லுங்கோ."

சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். டெப்பிடம் பகிடியாகச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அந்த மனிதனின் துவக்கில் ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றதை அப்போதுதான் எடுத்தார்களாம். காருக்குள், கண்ணாடி ஏற்றியபடி, இவ்வளவு தூரத்தில்.

வீட்டுக்கு வந்ததும் நான் போட்டிருந்த சேட்டை வாங்கி இரண்டு தரம் தோய்த்தாள். வெடிமருந்து மணம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 3, சனி

கிளிநொச்சியிலிருந்து மாமி, ஜினியின் அம்மா, போனில் கதைத்தா. உடம்பு, மழை, மாடு எல்லாம் கதைத்த பிறகு, ஜினி பக்கத்தில் இல்லையா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, துவக்கு விளையாட்டு ஏதோ விளையாடுறியளாம்."

"இரும்புத் தகட்டுக்குத்தான் மாமி சுடுறது. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது."

"அதில்லைத் தம்பி. பிள்ளை கிட்ட இருக்கேக்குள்ளை வெடிச்சத்தம் வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அங்கே எல்லோரும் ஷெல்லுக்குள் வாழ்ந்தவர்கள்தானே. மாமிக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஜினிக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

மழை. போட்டி இல்லை. ஜினி பிட்டு அவித்தாள். பாட்டுக்கூடப் படித்தாள்.

ஏப்ரல் 8, ஞாயிறு

இன்று கிளப்பில் குடும்ப நாள். கடைசியில் என்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். டெப் விசாரித்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் வரக்கூடாதாம். சட்டம் சட்டம்தான். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் அப்படிச் சத்தம் போட்டிருக்கத் தேவையில்லை.

காலையில் வாசலில் எல்லோருக்கும் பெயர் அட்டை எழுதினார்கள். ஜினியிடம் அவளுடைய கௌபோய்ப் பெயர் என்னவென்று கேட்டார்கள்.

"எனக்கு வேண்டாம்," என்று என்னிடம் தமிழில் சொன்னாள். "ஒருக்கால் பேர் வைச்சது போதும்."

எந்தப் பேர் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் என் முறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் காருக்குள் போய் இருந்துவிட்டாள்.

சுட்டுக்கொண்டிருக்கும்போது கிரேக் படமெடுக்கக் கூப்பிட்டான். நான் திரும்பினேன். அவ்வளவுதான் நடந்தது. ஜினி வந்து துவக்கை வாங்கினாள். பெருவிரலில் அவளுக்குச் சின்னக் காயம். தையல் போட்டார்கள்.

களைப்பாக இருக்கிறது. மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 9, திங்கள்

அலுவலகம் போகவில்லை. நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அது சரியில்லை.

நடந்தது இதுதான். கடைசித் தோட்டா மிச்சம். குதிரையை இழுத்து நிறுத்திவிட்டேன். அப்போது பின்னாலிருந்து கிரேக், "ஏய் கிட்" என்று கூப்பிட்டான். எல்லாத் தகட்டையும் விழுத்திக்கொண்டு வந்த சந்தோசம். துவக்கோடு திரும்பினேன். சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். கயிற்றுக்கு அப்பால் வாங்கில்களில் சனம். ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். குழலுக்கு நேரே அந்தத் தோடம்பழத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது.

டெப் கத்தினாள். நான் திடுக்கிட்டேன். திடுக்கிட்டவன் விரலை எடுத்திருக்க வேண்டும். நான் இறுக்கினேன்.

குதிரை விழுந்தது. சத்தம் வரவில்லை.

ஜினியின் பெருவிரல் அதற்குள் இருந்தது. குதிரையின் நுனியில் ஆணி மாதிரி ஒரு கூர் உண்டு, தோட்டாவின் அடியைக் குத்துவது அதுதான். அது அவளுடைய நகத்துக்குக் கீழே தசைக்குள் இறங்கி நின்றது. மற்றக் கையால் என் மணிக்கட்டை நிலத்தைப் பார்க்க அழுத்திவிட்டாள். அவள் கயிற்றைத் தாண்டி வந்ததை ஒருவரும் காணவில்லை. காருக்கும் எனக்கும் இடையில் இருந்த தூரத்துக்கு, கிரேக் வாய் திறக்க முதலே அவள் புறப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டியிருக்க முடியாது. இதை எப்படி யோசித்தாலும் விளங்கவில்லை.

பிறகு அவள் குதிரையைப் பின்னுக்கு இழுத்து விரலை எடுத்தாள். துவக்கு என் கையை விட்டுப் போனது எனக்குத் தெரியவில்லை. துவக்கின் பக்கத்திலுள்ள சின்னக் கதவைத் திறந்து, தோட்டா உருளையைச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் தட்டி விழுத்தினாள். வெற்றுக் கோதுகளுக்கு நடுவே அந்த ஒரு முழுத் தோட்டாவும் மண்ணில் விழுந்தது. ஒவ்வொரு துளையையும் வானத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். மேசையில், குழல் மண்மேட்டைப் பார்க்க வைத்தாள். நடந்துபோய்க் காருக்குள் ஏறி இருந்தாள். கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் கிரேக் என்னிடம் மெதுவாகக் கேட்டான், அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமென்று.

தகப்பன் பொலிஸில் இருந்தவர் என்றேன். அவளுடைய தகப்பன் தபால்காரர்.

ஏப்ரல் 12, வியாழன்

கிரேக் அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டு எழுதியிருந்தான். அவன் விரல் தானாக அழுத்திவிட்டதாம்.

படத்தில் நான் வாய் நிறையச் சிரிக்கிறேன். தொப்பி சரிந்திருக்கிறது. குழலின் வாய் பெரிதாக, வட்டமாக, கறுப்பாக. படத்தின் ஓரத்தில் ஒரு கை வந்துகொண்டிருக்கிறது, கலங்கலாக. அது ஜினியின் கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கப் பார்க்க, அது ஆரோ ஒரு சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருக்கிறது.

அழிக்க நினைத்தேன். அழிக்கவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

டெப் வீட்டுக்கு வந்தாள், ஒரு போத்தல் கிறீமும் முட்டையும் கொண்டு. என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னோடு அவள் அதிகம் கதைக்கவே இல்லை. ஜினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"எந்தப் படையில் இருந்தாய்?" என்று இங்கிலிசில் நேரே கேட்டாள்.

நான் இடையில் புகுந்து ஏதோ சொல்லப் போனேன்.

"கிளிநொச்சி," என்றாள் ஜினி.

அது ஊரா படையா என்று டெப்புக்குத் தெரிந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினாள். தன் தம்பி ஆப்கானிஸ்தான் போய் வந்தவன் என்றும், இப்போது பண்ணையில் மாடுகளோடு மட்டும்தான் கதைப்பான் என்றும் சொன்னாள். ஜினி தேத்தண்ணி ஊற்றினாள். இரண்டு பேரும் மாடுகளைப் பற்றிக் கதைத்தார்கள். கன்று போட்ட பசுவுக்கு என்ன கொடுப்பது என்று ஜினி கேட்டாள். நான் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

அவளுக்குக் கை ஏலாதபடியால் சமையலில் நானும் நிற்கிறேன். இன்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் இடது கையால் வெங்காயத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தாள்.

"உந்தப் படத்தை அழிச்சிட்டியளோ?"

படம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "இல்லை," என்றேன்.

"காட்டுங்கோ."

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தாள்.

"நல்லாச் சிரிக்கிறியள்," என்றாள். பிறகு, "றஜினியும் இப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு நிண்டவள்."

"ஆர் றஜினி?"

"விசுவமடுப் பிள்ளை. வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் கூட்டிக்கொண்டு போகேக்குள்ளை எனக்குப் பதினேழு. அவளுக்கு என்னைவிடக் குறைய. அவளுக்குச் சுடர்மலர் எண்டு பேர் வைச்சவை. ஆரும் அப்பிடிக் கூப்பிட்டா அவள் திரும்ப மாட்டாள், தன்னைத்தான் கூப்பிடினம் எண்டு விளங்காது. அதுக்கே நாங்கள் சிரிப்பம்."

நான் துருவலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

"பயிற்சி முடியிற நேரம். சமையல் கொட்டிலுக்குப் பின்னாலை துவக்குத் துடைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். ரெண்டு பேரும்தான். படமெடுக்கிற மாதிரி விளையாட்டு. நீ இப்பிடி நில், நான் இப்பிடி நிக்கிறன் எண்டு. திரும்பேக்குள்ளை..."

வெங்காயத்தை ஒருக்கால் வெட்டினாள்.

"கை நீட்டினா எட்டுற தூரம்தான். இடையிலை ஒரு விரல் வைச்சிருந்தாப் போதும்."

"பிறகு?"

"பிறகென்ன. சண்டையிலை எண்டு தாயிட்டச் சொல்லச் சொன்னவை. தாய் இண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு கார்த்திகையிலை மாவீரர் விளக்கு வைக்கிறா." என் முன்னால் இருந்த சட்டியை எட்டிப் பார்த்தாள். "தேங்காய் காணும். பாலைப் பிழியுங்கோ."

பிழிந்தேன்.

பின்னேரம் எங்கள் கலியாணப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கொழும்பில் எடுத்தது. தலைநிறையப் பூ, நீளப் பின்னல். அது சவுரி. முகாமில் காய்ச்சல் வந்து முடி கொட்டியது என்று அப்போது சொன்னார்கள். தோளில் இருந்த தழும்புக்கு ஷெல் துண்டு என்றார்கள். நான் தலையாட்டினேன். பத்தொன்பது வயதில் என்னைப் பிளேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எல்லாம் எவ்வளவு சொன்னார்களோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தேன்.

ஏப்ரல் 26, வியாழன்

அலுவலகத்தில் பின்னாலிருந்து ஆராவது கூப்பிட்டால் திரும்ப முடியவில்லை. முதலில் இரண்டு கையையும் பார்க்கிறேன்.

மே 1, செவ்வாய்

குளியலறைக் கண்ணாடியில் சவரம் எடுக்கும்போது தெரியாமல் சிரித்துவிட்டேன், ரேடியோவில் ஏதோ பகிடி. கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்ததும் றேசரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த றஜினி கடைசியாகக் கண்டது இப்படி ஒரு முகத்தைத்தானே. அது ஆருடைய முகம் என்று நினைக்கத் தொடங்கினேன். பிறகு அரைச் சவரத்தோடு வெளியே வந்து குப்பைத்தொட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

மே 6, ஞாயிறு

துவக்குகளை விற்றுவிடப் போகிறேன் என்றேன். வாங்கும் கடைக்காரன் நாளைக்கு வருகிறான்.

"உங்கடை விருப்பம்," என்றாள். "எனக்காக எண்டா வேண்டாம்."

"எனக்காகத்தான்."

"சரி. குடுக்க முதல் நான் ஒருக்காப் பாக்கவேணும்."

கராஜுக்குள் வந்தாள். இதற்கு முன் வாசற்படியைத் தாண்டியதில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க, அவள் திறந்து பார்த்தாள். கண்ணால் பார்த்த பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்தாள். எல்லாம் வெறுமை என்று எனக்குத் தெரியும், நானே துடைத்து வைத்தவை. இரட்டைக்குழலை மட்டும் இரண்டாம் தரமும் திறந்தாள்.

"வெறுமைதான் ஜினி," என்றேன்.

"அண்டைக்கும் வெறுமை எண்டுதான் நினைச்சது," என்றாள்.

ஆர் நினைத்தது என்று அவள் சொல்லவில்லை. நான் பெட்டியைப் பூட்டினேன்.

மே 13, ஞாயிறு

இங்கே அன்னையர் தினம். காலையில் கடைப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் பூங்கொத்து. ஜினி ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமிக்கு எடுத்து, றஜினியின் தாயுடைய நம்பரைக் கேட்டாள். மாமி ஏன் என்று கேட்கவில்லை. அந்த நம்பர் மாமியிடம் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

"நீங்கள் பக்கத்திலை இருங்கோ," என்றாள். சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அங்கே இன்னும் காலைதான். சேவல் கூவும் சத்தம் கேட்டது.

"ஆர் பிள்ளை கதைக்கிறது?"

தன்னை யாரென்று சொன்னாள். றஜினியோடு நின்றவள் என்றாள். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் சத்தம். அந்த அம்மா அதை இறக்கி வைக்கவில்லை.

"அம்மா, அவள் சண்டையிலை போகேல்லை. கொட்டிலடியிலை துவக்குத் துடைக்கேக்குள்ளை, தவறுதலா. இன்னொரு பிள்ளையின்ர கையிலை இருந்தது. அந்தப் பிள்ளையும் இப்ப இல்லை."

முதலில் எனக்குச் சொன்னபோது கொட்டிலடியில் தாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றுதான் சொன்னாள். நான் சரியாகக் கேட்கவில்லையாக்கும். மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்ர பிள்ளை ஓடேல்லையோ?" என்றா அந்த அம்மா. "காட்டுக்குள்ளை தனிய, தண்ணி தண்ணி எண்டு கிடந்திருப்பாள் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும்..."

"இல்லையம்மா. சிரிச்சுக்கொண்டு நிண்டவள். உடனை முடிஞ்சுது."

"சிரிச்சுக்கொண்டோ?"

"ஓம் அம்மா."

பிறகு அந்த அம்மா, மிக மெதுவாக, "பிள்ளை, அந்த மற்றப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டா.

ஜினி போனை மேசையிலிருந்து எடுத்தாள். சத்தத்தை நிறுத்தி, காதில் வைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனாள். கதவைச் சாத்தியும்விட்டாள்.

குசினி யன்னலால் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கதைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலது கையை முன்னால் நீட்டினாள். காணமுடியாத ஒருவருக்குச் செய்து காட்டுகிறவர்கள் மாதிரி, பெருவிரலை மடக்கிப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு மெல்ல, அந்தக் கையோடு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

நான் யன்னலை விட்டு விலகிவிட்டேன்.

அவள் உள்ளே வரும்போது சோறு ஆறிப்போயிருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"என்ன சொன்னவா?" என்று கேட்டேன்.

"அழுதவா. வைச்சிடுவா எண்டு நினைச்சன். வைக்கேல்லை." போனைக் குப்புற வைத்தாள். "பிறகு, சாப்பிட்டியோ பிள்ளை எண்டு கேட்டவா."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இன்னும் இல்லை எண்டனான். போய்ச் சாப்பிடு எண்டவா."

சோற்றைச் சூடாக்கினேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு. இரண்டு சாப்பாட்டுக் கோப்பையிலும் போட்டேன். தையல் பிரித்த பிறகு இன்றைக்குத்தான் அவள் வலது கையால் பிசைந்து சாப்பிட்டாள். பெருவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

பாதியில் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.